அம்மாவின் ஞாபகத்தை எந்த மொழியில் அளப்பது?

கோட்-டெ-நெய்ஜில் ஒரு தொடர்மாடி வீடு. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஒரே கதையை ஒரு பின்னேரத்துக்குள் மூன்று தரம் சொல்கிறார். அடுப்பை நூர்க்க மறந்து இரண்டு தடவை புகை எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. காலைக் குளிசையைப் போட்டாரா இல்லையா என்பது அவருக்கும் தெரியவில்லை, பெட்டியைப் பார்த்த மகளுக்கும் தெரியவில்லை. மகள் ஒரு நாள் லீவு எடுத்து அம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்.

தாதி ஒரு தாளை எடுத்துக் கேள்விகளைப் பிரெஞ்சில் கேட்கிறார். மகள் தமிழில் சொல்கிறார். "இன்றைக்கு என்ன கிழமை?" அம்மா யோசிக்கிறார். பதில் வரவில்லை. மகளுக்கு மனம் பொறுக்கவில்லை. "நாளைக்குத்தானே அம்மா வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போறம் எண்டு சொன்னனான்." அம்மா சிரித்துக்கொண்டு "வியாழன்" என்கிறார். தாதி ஒரு புள்ளி போடுகிறார். இப்படியே நாலைந்து இடங்களில் நடக்கிறது. கடைசியில் முப்பதுக்கு இருபத்தேழு. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. இதற்கு நேர்மாறானதும் நடக்கலாம். மொழிபெயர்க்க யாருமில்லாமல், அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொன்ன ஒரு அப்பாவுக்குப் பதினேழு புள்ளி வருகிறது. ஞாபகத்தில் பெரிய குறையில்லாத மனிதர் "டிமென்ஷியா" என்ற சொல்லோடு வீட்டுக்கு வருகிறார். இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். அளந்தது ஞாபகத்தை அல்ல. முதலாவதில் அளந்தது மகளின் பாசத்தை, இரண்டாவதில் அப்பாவின் ஆங்கிலத்தை.

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் கண்டெடுக்கப்பட்ட செய்தி எங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் முப்பத்தைந்து வயதில் இங்கே வந்து இறங்கியவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். இந்தச் சோதனைத் தாள் இனி எங்கள் வீடுகளுக்கு அடிக்கடி வரப்போகிறது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே பிழைக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்த ஊரில் உருவான சோதனை

உலகின் பல நாடுகளில் இன்று பயன்படும் இந்தச் சோதனையின் பெயரிலேயே எங்கள் நகரம் இருக்கிறது. மொன்றியல் அறிதிறன் மதிப்பீடு. சுருக்கமாக "மொக்கா" என்பார்கள். நரம்பியல் வைத்தியர் சியாட் நஸ்ரெடீன் 1990களில் இதை உருவாக்கினார். அவர் அப்போது மொன்றியலின் தென்கரையில் உள்ள சார்ள்ஸ் லெமொயின் வைத்தியசாலையில் பணிபுரிந்தார். இதைப் பரிசோதித்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 2005இல் வெளியானது. அதன் இணை ஆசிரியர்களில் ஒருவரான ஹவார்ட் சேர்ட்கோவ், அப்போது கோட்-டெ-நெய்ஜிலேயே இருக்கும் யூத பொது வைத்தியசாலையின் ஞாபக மருத்துவகத்தைச் சேர்ந்தவராக இருந்தார்.

அதற்கு முன்னர் வைத்தியர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது 1975இல் அமெரிக்காவில் வந்த மினி மென்டல் என்ற சோதனை. அதுவும் முப்பது புள்ளிதான். ஆனால் கேள்விகள் இலகுவானவை. நோய் நன்றாக முற்றியவரை அது காட்டிக்கொடுக்கும். ஆரம்ப நிலையில் இருப்பவர், குறிப்பாகப் படித்தவர், அதில் முழுப்புள்ளியும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஆரம்ப நிலைக்கு இலேசான அறிதிறன் குறைபாடு என்று பெயர். ஞாபகமோ சிந்தனையோ வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைந்திருக்கும். ஆனால் ஆள் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வார்.

2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் கணக்கு இது. இலேசான குறைபாடு உள்ளவர்களில் பழைய சோதனை கண்டுபிடித்தது 18 வீதம் பேரை. மொக்கா கண்டுபிடித்தது 90 வீதம் பேரை. ஆரம்ப நிலை அல்சைமர் உள்ளவர்களில் பழையது 78 வீதம், மொக்கா 100 வீதம். இதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய சோதனை நலமாக இருந்த எவரையும் தவறாகப் பிடிக்கவில்லை. மொக்கா நலமானவர்களில் 13 வீதம் பேரையும் சேர்த்துப் பிடித்தது. வலையின் கண் சிறுத்தால் சின்ன மீனும் அகப்படும், வேண்டாததும் அகப்படும். 26இலிருந்து மேலே வந்தால் வழமையான நிலை என்று அப்போது வைத்த எல்லைக்கோடு மிகக் கடுமையானது, 23 என்று வைத்தால் தவறாகப் பிடிபடுவோர் குறைவர் என்று 2018இல் வந்த ஒரு மறு ஆய்வு சொன்னது.

முப்பது புள்ளிக்குள் என்ன இருக்கிறது

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். எண்களையும் எழுத்துக்களையும் மாறிமாறி வரிசையில் கோட்டால் இணைக்க வேண்டும். ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். மணிக்கூடு ஒன்றை வரைந்து, சொன்ன நேரத்துக்குக் கம்பிகளை வைக்க வேண்டும். மிருகங்களின் படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். எண்களை முன்னும் பின்னும் திருப்பிச் சொல்ல வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். வசனங்களைப் பிழையின்றித் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்க வேண்டும். இரண்டு பொருட்களுக்கு இடையில் என்ன ஒற்றுமை என்று சொல்ல வேண்டும். திகதி, மாதம், ஆண்டு, கிழமை, இடம், நகரம் ஆகியவற்றுக்கு ஆறு புள்ளி.

ஞாபகத்துக்கான பகுதி இதுதான். ஆரம்பத்தில் ஐந்து சொற்களை இரண்டு தரம் வாசித்துக் காட்டுவார்கள். வேறு வேலைகள் கொடுத்து ஏறக்குறைய ஐந்து நிமிடம் போனபின், அந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லக் கேட்பார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு புள்ளி. வராத சொல்லுக்கு ஒரு குறிப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். குறிப்புக் கொடுத்து வந்த சொல்லுக்குப் புள்ளி இல்லை. ஆனாலும் அது வைத்தியருக்கு முக்கியமான தகவல். குறிப்பு கிடைத்ததும் சொல் வந்துவிட்டால், அது மூளையில் பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிரமம். மனச்சோர்விலும் நித்திரைக் குறைவிலும் இப்படி வரலாம். குறிப்புக் கொடுத்தும் அந்தச் சொல்லைக் கேட்டதாகவே தெரியவில்லை என்றால், பதியவே இல்லை என்று சந்தேகிப்பார்கள். அல்சைமர் நோயில் இதுவே அதிகம் காணப்படும்.

அந்த ஐந்து சொற்களை இங்கே எழுதவில்லை. 2018 ஜனவரியில் அமெரிக்க சனாதிபதி டிரம்ப் இந்தச் சோதனையில் முப்பதுக்கு முப்பது எடுத்தார் என்று அறிவிக்கப்பட்டபோது, ஊடகங்கள் கேள்விகளை அப்படியே வெளியிட்டன. சொற்களை முன்பே அறிந்தவரிடம் கேட்பதால் பயனில்லை என்று வைத்தியர்கள் கவலைப்பட்டார்கள். இதற்காகவே மாற்றுப் பதிப்புகளும் உண்டு. அப்பாவுக்கு முதல் நாளிரவு வீட்டில் பயிற்சி கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி அல்ல.

தேவாரம் பாடுபவருக்கு எப்படி மறதி?

எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. "அம்மா தேவாரம் ஒரு சொல்லும் பிசகாமல் பாடுறா. ஐம்பது வருசத்துக்கு முந்தி ஊரிலை ஆர் ஆரைக் கட்டினது எண்டதும் தெரியும். அவவுக்கு என்ன மறதி?"

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவரும் மொன்றியல்காரரே. மக்கில் பல்கலைக்கழகத்தின் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரெண்டா மில்னர், 1950களில் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகருக்குப் போய் ஹென்றி மொலைசன் என்பவரை ஆராய்ந்தார். 1953இல் வலிப்பு நோய்க்காக அவருக்குச் செய்த சத்திரசிகிச்சையில் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பெருமளவு அகற்றப்பட்டிருந்தது. அதன்பின் அவரால் புதிய எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. சற்று முன் பேசியவரையே மறந்துவிடுவார். ஆனால் சிறுவயதுச் சம்பவங்கள் இருந்தன. பேச்சு இருந்தது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையை நாளுக்கு நாள் திறமையாகச் செய்யப் பழகினார். அதைப் பழகியது மட்டும் அவருக்கு நினைவில்லை.

ஞாபகம் என்பது ஒரே பெட்டி அல்ல என்று இதிலிருந்து தெரிந்தது. கைப்பழக்கமும், ஆயிரம் தரம் பாடிய பாட்டும், இளமைக் காலச் சம்பவங்களும் வேறு பாதைகளில் தங்கியிருக்கின்றன. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸ் ஒன்று. ஆகவே முதலில் போவது இன்று காலை நடந்தது. தேவாரம் கடைசி வரை நிற்கலாம். அம்மா பாடுகிறார் என்பது மகிழ்ச்சியான விஷயம். அது ஞாபகம் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல.

மொழியும் பள்ளிக்கூடமும்

இந்தச் சோதனையை முதலில் சரிபார்த்தது ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசும் மொன்றியல்வாசிகளிடம். இதில் பல கேள்விகள் மொழியிலும் பள்ளிப் படிப்பிலும் தங்கியிருக்கின்றன. பென்சில் பிடித்துப் படம் வரைந்து பழகாத கைக்குக் கனசதுரம் கஷ்டம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு அடுப்படிக்கு அனுப்பப்பட்ட பெண்கள் எங்கள் மூத்த தலைமுறையில் நிறைய இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு மொக்காவில் ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். ஐந்து வருடமே படித்தவருக்கு அந்த ஒரு புள்ளி போதாது. அதனால்தான் படிப்புக் குறைந்தவர்களுக்கென்று மொக்கா-பேசிக் என்ற தனிச் சோதனை 2015இல் வந்தது. காது கேளாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் தனிப் பதிப்புகள் உண்டு. தமிழ்ப் பதிப்பும் உண்டு.

தமிழ்ப் பதிப்பு ஏன் தேவை? தாதி கேட்பதை மகள் அந்த இடத்திலேயே தமிழாக்கினால் என்ன? ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தான 'எஃப்' தமிழில் இல்லை. 'க' என்று கேட்டால் 'கா', 'கி' சேருமா, சேராதா? வசனத்தைத் திருப்பிச் சொல்லும் கேள்வியில், மொழிபெயர்த்த வசனம் மூலத்தைவிட நீண்டுவிட்டால் சோதனையே வேறாகிவிடும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே யோசித்து முடிவு செய்ததுதான் முறையான பதிப்பு. வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்தது அப்படி அல்ல.

பிந்திக் கற்ற மொழியே பெரும்பாலும் முதலில் தளரும் என்பதையும் மறக்கக்கூடாது. இருபது வருடம் தொழிற்சாலையில் பிரெஞ்சு கதைத்த அப்பா, இப்போது பிரெஞ்சில் கேட்டாலும் தமிழில் பதில் சொல்கிறார் என்றால் அது பிடிவாதம் அல்ல. அதுவே வைத்தியரிடம் சொல்ல வேண்டிய ஒரு மாற்றம்.

பிள்ளை மொழிபெயர்ப்பாளரானால்

பிள்ளைகள் உதவுவது வேண்டுமென்று செய்யும் பொய் அல்ல. தாய் தடுமாறும்போது பிள்ளையின் வாய் தானாகத் திறக்கிறது. குரலை ஏற்றி இறக்கிக் கேட்பதும் ஒரு குறிப்புத்தான். அம்மா "ஆடி மாசம், அமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாள்" என்றால், மகள் அதை ஓகஸ்ட் திகதியாக மாற்றிச் சொல்லிவிடுகிறார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அம்மா சொன்னதை அப்படியே சொல்வார். அது சரியா, பிழையா, அதற்குப் புள்ளி உண்டா என்பதைச் சோதிப்பவர் முடிவு செய்வார்.

பெற்றோர் பக்கமும் ஒன்று இருக்கிறது. தான் தடுமாறுவதைப் பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு வெட்கம். பேசாமல் இருந்துவிடுவார், அல்லது "உதெல்லாம் சின்னப்பிள்ளையளிட்டைக் கேக்கிற கேள்வி" என்று கோபிப்பார்.

ஆகவே அப்பொயின்ற்மென்ற் வைக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். தமிழ்ப் பதிப்பு இருக்கிறது என்பதையும் நீங்களே நினைவூட்டுங்கள். கேட்பதில் தவறில்லை. கண்ணாடியும் காதுக் கருவியும் கையோடு போகட்டும். அடையாளமில்லாத நித்திரைக் குளிசை ஒன்றை இரவில் போடுகிறார் என்றால் அதையும் எடுத்துப் போங்கள்.

பிள்ளைக்கு வேறொரு பெரிய வேலை இருக்கிறது. தினமும் பார்த்தவர் என்ற முறையில் சாட்சி சொல்வது. சோதனை ஒரு நாளின் பத்து நிமிடத்தைப் பார்க்கிறது. நீங்கள் ஒரு வருடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஏடீ-8 என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவமே குடும்பத்தவர்களிடம் கேட்பதற்காக இருக்கிறது. அது கேட்பது ஆளின் திறமையை அல்ல, கடந்த சில வருடங்களில் வந்த மாற்றத்தை. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறாரா? பில் கட்டுவதும் காசுக் கணக்கும் தடுமாறுகிறதா? புதிய தொலைபேசியையோ மைக்ரோவேவையோ பழகுவதில் சிரமமா? பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டதா? திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். "மறதி கூடிப்போச்சு" என்று சொல்வதைவிட, "165ஆம் இலக்கப் பேருந்தில் இருபது வருடம் போனவர், போன மாதம் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு நின்றார்" என்று சொல்வது வைத்தியருக்கு உதவும்.

புள்ளி குறைந்தால்

புள்ளி ஒரு தீர்ப்பு அல்ல. காய்ச்சல்மானி நூற்றிரண்டு காட்டினால் காய்ச்சல் இருக்கிறது என்று தெரியும், என்ன நோய் என்று தெரியாது. இதுவும் அப்படித்தான். அடுத்து வைத்தியர் இரத்தப் பரிசோதனை எழுதுவார். விற்றமின் பி12 குறைவும், தைரொயிட் சுரப்பிக் கோளாறும் ஞாபகத்தைக் குழப்பும். மாமிசம் தொடாதவர்களுக்கும், நீரிழிவுக்கு மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். சில நித்திரைக் குளிசைகளும் ஒவ்வாமைக் குளிசைகளும் மூளையை மந்தமாக்கும். காது மந்தமானவர் சொல்லைக் கேட்காமலே "மறந்து" விடுவார். முதியவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அதற்கு அப்பொயின்ற்மென்ற் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

எங்கள் சமூகத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. போரில் பிள்ளையை இழந்தவர், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவர், இரவில் நித்திரையில்லாமல் எழுந்து இருப்பவர், பனிக்காலம் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பவர். இவர்களின் கவனம் வேறெங்கோ இருக்கும். கவனிக்காதது பதியாது. மனச்சோர்வுக்கும் மனவடுவுக்கும் சிகிச்சை உண்டு. இந்தக் கதையை வைத்தியரிடம் யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இலேசான அறிதிறன் குறைபாடு என்று வந்தவர்கள் எல்லோரும் டிமென்ஷியாவுக்குப் போவதில்லை. சிலர் அப்படியே இருப்பார்கள், சிலருக்குச் சீராவதும் உண்டு. ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ திரும்பச் சோதிப்பது அதற்காகத்தான். அவரோடு அவரையே ஒப்பிட்டால் வரும் விடை, ஊர்ச் சராசரியோடு ஒப்பிடுவதைவிடப் பயனுள்ளது. அதனால் முதல் சோதனை எந்த மொழியில், யார் உதவியோடு நடந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததும் அப்படியே நடக்க வேண்டும்.

அதற்காக கோயில் மண்டபத்தில் வரிசையில் இருத்தி எல்லா முதியவர்களுக்கும் சோதனை செய்வதும் சரியல்ல. எந்த அறிகுறியும் முறைப்பாடும் இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களை இப்படிச் சோதிக்க வேண்டாம் என்று கனடாவின் நோய்த்தடுப்புச் செயலணி 2016இல் பரிந்துரைத்தது. நலமானவர்களையும் பயமுறுத்தும் என்பதை மேலே பார்த்தோம். மாற்றம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சோதனை.

ஏன் நேரத்தோடு?

"அறளை பெயர்ந்துபோச்சு" என்று ஊரில் ஒரு சொல் இருந்தது. சிரிப்போடும் சில வேளை வெறுப்போடும் சொல்வார்கள். அந்தச் சொல் விழுந்தபின் அந்த மனிதரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இங்கும் பல வீடுகளில் வைத்தியரிடம் போகாமல் இருப்பதற்கு அந்தச் சொல்லின் பயம் ஒரு காரணம்.

நேரத்தோடு போவதன் பெரிய பலன், அவரிடம் இன்னும் கேட்கலாம் என்பதே. திருத்தக்கூடிய காரணம் இருந்தால் திருத்தலாம். அல்சைமர் என்றால் இன்று முற்றாக மாற்ற மருந்தில்லை. சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும் மருந்துகள் உண்டு. கியூபெக்கில் பாதுகாப்பு ஆணை என்ற பத்திரம் இருக்கிறது. நாளைக்கு என்னால் முடியாமல் போனால் என் காசையும் என் உடம்பையும் பற்றி யார் முடிவெடுக்க வேண்டும் என்று அவரே எழுதி வைப்பது. நொத்தாரிசு முன்னிலையிலோ இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ செய்யலாம். ஆனால் அவருக்கு விளங்கும் ஆற்றல் இருக்கும்போது மட்டுமே செய்யலாம். பிந்திப்போனால் அவர் விருப்பம் என்ன என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதிட வேண்டிவரும்.

முதலில் போக வேண்டிய இடம் குடும்ப வைத்தியர் அல்லது அவரின் குடும்ப மருத்துவக் குழு. இந்த நோய்களை முதலில் பார்க்க வேண்டியது குடும்ப வைத்தியர்கள்தான் என்று 2009இல் ஹவார்ட் பேர்க்மன் தலைமையில் கியூபெக் அரசுக்குக் கொடுக்கப்பட்ட அறிக்கை சொன்னது. குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811ஐ அழைத்துக் கேட்கலாம், சீ.எல்.எஸ்.சி.யில் விசாரிக்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து ஞாபக மருத்துவகத்துக்கு அனுப்புவார்கள். யூத பொது வைத்தியசாலையும், குயின் மேரி வீதியில் உள்ள முதியோர் மருத்துவப் பல்கலைக்கழக நிறுவனமும் எங்கள் பகுதியிலேயே இருக்கின்றன.

போகும் நாளில் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். கண் பரிசோதனை என்று ஏமாற்றிக் கூட்டிப் போனால், அடுத்த முறை அவர் வரமாட்டார். சோதனை நடக்கும் பத்து நிமிடமும் வெளியில் இருக்கச் சொன்னால் வெளியில் இருங்கள். உள்ளே இருக்க விட்டால் அவருக்குப் பின்பக்கம், முகம் தெரியாத இடத்தில் கதிரையைப் போட்டு இருங்கள். விடை வராமல் அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டந்தான். முடிந்தபின் கீழே போய் இரண்டு பேரும் ஒரு தேத்தண்ணீர் குடிக்கலாம்.